உறைபனிக் காலத்தில் டிரவுட்: நீலகிரி ஓடைக்குக் கூடாரத்தோடு போகிறவர்களுக்கு

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரை நீலகிரி ஓடைகளுக்கு டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டு தப்பு செய்கிறார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்து ஓடைக்கரையிலேயே கூடாரம் அடிக்கிறார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து தூண்டிலைத் தூக்குகிறார்கள். சமவெளிக் குளங்களில் கெண்டையும் விராலும் பிடித்த பழக்கம் அது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, உறைபனி விழும் காலத்தில், இரண்டுமே எடுபடாது. படுக்கை மேட்டில் இருக்க வேண்டும், மீன்பிடிப்பு வெயில் ஏறிய பிறகு இருக்க வேண்டும். மற்ற எல்லா ஏற்பாடும் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

முதலில் அனுமதி. டிரவுட் ஓடைகளில் தூண்டில் போட மீன்வளத்துறை உரிமம் வேண்டும். ஊட்டியில் உள்ள அலுவலகத்தில் கேட்கும்போதே எந்த ஓடை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை மீன், எந்த அளவுக்குக் கீழ் திருப்பி விட வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது சினைக்காலம், அதனால் போன வருடம் திறந்திருந்த ஓடை இந்த வருடமும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் நல்ல டிரவுட் ஓடைகள் உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 1990 முதல் அது தேசியப் பூங்கா. 78 சதுர கிலோமீட்டர் சொச்சத்துக்குள் எங்கே தூண்டில் போட்டாலும் வன உயிரினச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டுக்குள்ளும் அனுமதியில்லாமல் நுழையக்கூடாது, கூடாரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவலாஞ்சி சூழல் சுற்றுலாப் பகுதிக்குள் வனத்துறை வண்டியில்தான் போய் வர முடியும். ஆக, கூடாரத்துக்கு மிஞ்சுவது பட்டா நிலம்: எமரால்டு, குந்தா சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்கள், ஓடையை ஒட்டிய காய்கறித் தோட்டங்கள். உரிமையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தோட்டக்காரரிடம் கேட்டுப் படுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: நேற்று ராத்திரி காட்டுமாடு எந்த வழியாக இறங்கியது என்பது அவருக்குத்தான் தெரியும்.

2024 மே முதல் ஊட்டிக்கு வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள். ராத்திரி அதற்கு வேறொரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எங்கே படுப்பது

உறைபனி விழுவது மேகமில்லாத, காற்றசையாத இரவுகளில். பகலில் வாங்கிய சூட்டைத் தரை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து வடிகிறது. அந்தப் பள்ளத்தின் அடியில்தான் ஓடை ஓடுகிறது. சரிவில் பத்துப் பதினைந்து மீட்டர் உயரம் ஏறினாலே இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் தெரியும். கீழே கூடாரத் துணி விறைத்துப் போகிற ராத்திரியில் மேலே வெறும் ஈரம் மட்டும் இருக்கும்.

பனி எங்கே தேங்கும் என்று பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டாம், தேயிலையைப் பாருங்கள். எந்தப் பாத்தியில் தேயிலையைத் தாகைச் செடி வெட்டிப் போட்டு மூடியிருக்கிறார்களோ, எங்கே கொழுந்து காப்பித்தூள் நிறத்தில் கருகி நிற்கிறதோ, அதுதான் பனிப்பள்ளம். கருகலுக்கு மேலே பச்சை தொடங்குகிற கோடு சரிவில் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே சமதளமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தால் போதும்.

கிழக்குப் பார்த்த சரிவு உத்தமம். ஜனவரி தொடக்கத்தில் சூரியன் உதிக்கவே ஆறே முக்கால் ஆகும். எதிர்மலை உயரமாக இருந்தால் பள்ளத்துக்குள் வெயில் விழ ஒன்பது மணியாகிவிடும். மேட்டில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் முன்பே கூடாரம் காயத் தொடங்கும். மரத்தடி பனியைக் கொஞ்சம் தடுக்கும் என்பது சரி. ஆனால் கற்பூர (யூகலிப்டஸ்) மரம் காற்றில்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும், சீகை (வாட்டில்) மரம் மேலோட்டமாக வேர் விட்டு நிற்பதால் மரமே சாயும். மரத்தின் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள். குளம்புத் தடம் பதிந்து, புல் அழுந்தி, தண்ணீரை நோக்கி இறங்குகிற ஒற்றையடிப் பாதை தெரிந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். கரடி எண்ணெய் வாசனைக்கு வரும். சமையல் சாமான், மீன், சோப்பு எதுவும் கூடாரத்துக்குள் வேண்டாம், எல்லாம் காருக்குள் போகட்டும்.

புல்வெளி மண் மேலே காய்ந்திருந்தாலும் கீழே பஞ்சு மாதிரிதான் இருக்கும். கூடாரத்தோடு வரும் குச்சி ஆணி அரை ராத்திரியில் பிடுங்கிக்கொள்ளும். இருபது சென்டிமீட்டருக்குக் குறையாத ஆணி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் நிற்கவில்லையென்றால் ஆணியைப் படுக்கவைத்துக் கயிறு கட்டி, மேலே பாறாங்கல்லை ஏற்றுங்கள்.

குளிருதே என்று கூடாரத்தின் காற்றுத் திறப்பை எல்லாம் இறுக்கி மூடுவது இன்னொரு வழக்கம். இரண்டு பேர் மூச்சில் வரும் ஈரம் உட்துணியில் படிந்து, விடியலில் சொட்டுச் சொட்டாகத் தூக்கப்பை மேல் விழும். நனைந்த பஞ்சு சூட்டைப் பிடிக்காது. எதிரெதிராக இரண்டு திறப்பை ஒரு சாண் அளவுக்குத் திறந்தே வையுங்கள். அதைவிட முக்கியம்: கரியடுப்பு, கணப்பு, கேஸ் அடுப்பு எதையும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அணைந்து தணலான கரியில் புகை இருக்காது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். வாசனை கிடையாது, இருமல் வராது, தூக்கம்தான் வரும். மலையில் குளிர்காலத்தில் மூடிய அறைகளில் ஆட்கள் செத்துப்போவது இதனால்தான்.

உடம்பின் சூடு அதிகம் போவது கீழே, தரைக்கு. ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தூக்கப்பை வாங்கி, அடியில் ஒரு பெட்ஷீட்டை விரித்துப் படுத்தால் நடுங்கத்தான் வேண்டும். பத்து மில்லிமீட்டர் ஃபோம் பாய் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுங்கள், அதற்குக் கீழே தோட்டத்தில் கிடைக்கும் கோணிச் சாக்கு. தூக்கப்பை வாங்கும்போது அதில் போட்டிருக்கும் இரண்டு மூன்று வெப்பநிலை எண்களில் ‘கம்ஃபர்ட்’ என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது பூஜ்ஜியமாகவோ அதற்குக் கீழாகவோ இருக்கட்டும். மைனஸ் பத்து என்று பெரிதாக அச்சடித்திருப்பது உயிர் போகாமல் தாங்கும் கணக்கு, தூங்கும் கணக்கு இல்லை. பகலில் போட்ட பனியனோடு படுக்காதீர்கள், வியர்வை ஈரம் ராத்திரி முழுக்கக் குளிரும். ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, கம்பளிச் சாக்ஸுக்குள் நுழைத்துத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டால் நடுராத்திரி வரை தாங்கும். காலையில் அதே தண்ணீரில் காப்பி.

அடுப்பு விஷயத்தில் ஒரு கணக்கு. கையடக்க கேஸ் கேன்களில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன். அது பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே வந்தால் ஆவியாவதை நிறுத்திவிடும். உறைபனி விடியலில் கேன் நிறைய கேஸ் இருந்தும் சுடர் நீலப் பொட்டாகச் சுருங்கி அணைவது இதனால்தான். அடுப்பு ரிப்பேர் என்று கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். ராத்திரி கேனைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நிறுத்துங்கள். கொதிநீர் கூடாது. புரோப்பேன் கலந்த கேன் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. சின்னக் குக்கர் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் ரவையோடும் சேமியாவோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். நொறுக்குத் தீனிக்கு ஊட்டி வறுக்கி. பையில் நசுங்கினாலும் ருசி போகாத பண்டம்.

விறகு தேடிக் காட்டுப் பக்கம் போகவேண்டாம். பனியில் கருகின புல் ஜனவரியிலிருந்தே தீப்பிடிக்கத் தயாராக இருக்கும்.

மீன் எப்போது சாப்பிடும்

நீலகிரி ஓடைகளில் இருப்பது வானவில் டிரவுட். 1860களிலேயே வெள்ளைக்காரர்கள் டிரவுட்டைக் கொண்டுவர முயன்று பார்த்தார்கள், நிலைக்கவில்லை. மீன் வளர்ப்பு நிபுணர் ஹென்றி சார்ல்ஸ் வில்சன் காலத்தில், 1907இல் அவலாஞ்சிப் பொரிப்பகம் வந்த பிறகுதான் மீன் ஊன்றியது. குளிர்நீர் மீன்தான், அதற்காக எவ்வளவு குளிர்ந்தாலும் சாப்பிடும் என்று அர்த்தமில்லை. 10 முதல் 16 டிகிரி வரை தண்ணீர் இருக்கும்போது நன்றாக மேயும். அதற்குக் கீழே போகப்போக உடம்பின் ஓட்டம் மந்தமாகி, 5 டிகிரியை நெருங்கினால் மூக்குக்கு நேரே வந்ததைத் தவிர எதையும் தொடாது.

ஓடை ராத்திரி முழுக்கச் சூட்டை இழந்து, சூரியன் உதித்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். விடியலில் போகிறவர் நாளின் மிகக் குளிர்ந்த தண்ணீரில் தூண்டில் போடுகிறார். போதாக்குறைக்கு, ஈரத் தங்கூஸ் நரம்பால் தூண்டில் கோலின் வளையங்களில் பனி கட்டி அடைத்துக்கொள்ளும். பத்து மணி வரை தோசை சுட்டுச் சாப்பிடுங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரைதான் நேரம். ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை நூலில் கட்டி நிழலான தண்ணீரில் ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். காலை ஒன்பதுக்கு இருந்ததைவிட ஒன்றரை, இரண்டு டிகிரி ஏறியிருந்தால் கிளம்பலாம். அந்த ஏற்றத்தில்தான் கல்லுக்கடியில் இருக்கும் பூச்சிப்புழுக்களும் அசையும். வெயில் மலைக்குப் பின்னால் போனதும் மீன் வாயை மூடிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் மீன் நிற்கும் நுரைத்தோடும் ஓட்டத்தில் இப்போது தேட வேண்டாம். குளிரில் சக்தியை மிச்சம் பிடிக்க, அருவி விழுந்து ஆழமாகக் குடைந்த மடுவின் அடியிலும், பெரும்பாறைக்குப் பின்னால் தண்ணீர் மெதுவாகச் சுழலும் இடத்திலும் ஒதுங்கியிருக்கும். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும், அதனால் மீனும் உங்களை அவ்வளவு தெளிவாகப் பார்க்கும். எதிர்நீரைப் பார்த்தே நிற்கும் என்பதால் கீழிருந்து மேலாக, குனிந்தபடி வாருங்கள். இந்த மாதங்களில் நடுப்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கிறது. ஐந்தரை அடி ஆளின் நிழல் உச்சியிலும் நாலடி நீளத்துக்கு வடக்கே விழும். ஓடையின் வடகரையில் நின்றால் நிழல் உங்கள் முதுகுக்குப் பின்னால் போகும். தென்கரையில் நின்றால் நேராக மடுவில் விழுந்து மீனைக் கலைத்துவிடும். இதை மட்டும் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

ஃப்ளை ராட் (பூச்சி மாதிரிப் போலி இரையை வீசும் கோல்) என்றால் நாலாம் எண் லைன், ஏழரை அடிக் கோல் போதும். இந்த ஓடைகள் அகலம் குறைந்தவை, இருபுறமும் புதர்; ஒன்பதடிக் கோல் கிளையில் மாட்டி மானத்தை வாங்கும். நுனி நரம்பு 0.15 மில்லிமீட்டர். முடிச்சு போட ஐந்து சுற்று சுற்றி, இறுக்கும் முன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் அங்கேயே பலவீனமாகும், மீன் மாட்டியதும் சரியாக முடிச்சில் அறுந்து போகும். குளிரில் நரம்பு ரீலில் சுற்றிய சுருளாகவே நிற்கும் என்பதால் போடும் முன் இரண்டு கையால் நீவி இழுத்து நேராக்குங்கள்.

நுனியில் பதினான்காம் எண் முள்ளில் மணி கோத்த நிம்ஃப், அதாவது நீருக்கடிப் பூச்சிப்புழு மாதிரிப் போலி இரை. அதற்கு மேலே, மடுவின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில், அடையாளத்துக்கு ஆரஞ்சு கம்பளி நூல் துண்டு ஒன்று. அது தண்ணீரில் மிதந்துவரும் நுரைக் குமிழின் வேகத்திலேயே வர வேண்டும். குமிழை முந்தினால் லைன் இழுக்கிறது, நிம்ஃப் அடியை விட்டு மேலே எழுந்துவிட்டது என்று பொருள். கோலை உயர்த்தி லைனை மேல்நீர்ப் பக்கம் எடுத்துப் போடுங்கள். எட்டுப் பத்து முறையில் ஒருமுறையாவது அடியில் உரசி நூல் தயங்க வேண்டும், தயங்கவே இல்லையென்றால் மீன் இருக்கும் மட்டத்துக்கு அது போகவில்லை. குளிர்கால டிரவுட் தூண்டிலைப் பிடுங்காது, நூல் லேசாக நிற்கும், அவ்வளவுதான். நின்றால் மணிக்கட்டை உயர்த்துங்கள்.

ஸ்பின்னிங் ஆட்களுக்கு ஆறடி லைட் கோல், ஆயிரம் அளவு ரீல், இரண்டு மூன்று கிராம் ஸ்பின்னர் (இழுக்கும்போது தகடு சுழலும் போலி இரை). குறுக்கே போட்டு, தகடு சுழலாமல் நின்றுவிடுகிற வேகத்துக்குச் சற்று மேலே மட்டும் சுற்றுங்கள். ஒன்றரைச் சாண் முன்னால் ஒரு ஸ்விவல் (முறுக்கை அவிழ்க்கும் சுழல் வளையம்) இல்லையென்றால் மாலைக்குள் நரம்பு முறுக்கேறிக் கூடு கட்டிவிடும்.

எல்லா முள்ளிலும் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மண்புழுவை உரிமம் அனுமதித்தாலும் இந்தப் பருவத்தில் நான் ஆதரிக்க மாட்டேன். புழுவை மீன் தொண்டை வரை விழுங்கும். விட நினைத்தாலும் பிழைக்காது.

சினை மீன்

அவலாஞ்சியில் தாய்மீனைப் பிழிந்து முட்டை எடுப்பதும் இதே குளிர்காலத்தில்தான். ஓடையிலும் அதே வேளையில் முட்டையிடுகிறது. மடு முடிந்து தண்ணீர் மெலிந்து கூழாங்கல் மேல் ஓடுகிற வாலில் குனிந்து பாருங்கள். சுற்றிலும் பாசி படிந்த பழுப்புக் கல், நடுவில் மட்டும் தட்டு அகலத்துக்குக் கழுவி வைத்த மாதிரி வெளுப்பாகக் கல் தெரியும். கீழ்நீர்ப் பக்கம் சின்ன மேடு. பெண்மீன் வாலால் தோண்டி முட்டையிட்டு மூடிய குழி அது. பத்து டிகிரித் தண்ணீரில் பொரிய ஒரு மாதம் ஆகும், குஞ்சு கல்லுக்குள்ளிருந்து வெளியே வர இன்னும் சில வாரம். அதன் மேல் ஒரு கம்பூட்ஸ் பட்டால் எல்லாம் போச்சு. கூழாங்கல் வாலைக் கடந்து போகாதீர்கள், பாறை மேலேயோ கரையேறியோ சுற்றிப் போங்கள். அங்கே ஜோடியாக நிற்கும் மீன் மீது தூண்டில் போடுவதும் கூடாது.

மாட்டியது வயிறு உப்பிய பெண்ணோ, கறுத்துக் கீழ்த்தாடை வளைந்த ஆணோ என்றால் விட்டுவிடுங்கள்; சினை மீன் சதை சோகையாக, ருசியில்லாமல்தான் இருக்கும். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றுங்கள். போட்டோ வேண்டுமென்றால் ஒரு மூச்சு நேரம் தூக்கலாம். உறைகுளிரில் ஈரச் செவுள் காற்றில் நெடுநேரம் நிற்பது நல்லதல்ல. பிறகு எதிர்நீரைப் பார்த்துப் பிடித்திருங்கள், அதுவாகவே நழுவிப் போகும். டிரவுட் சினையில் இருக்கிறதே என்று மனம் உறுத்தினால், எமரால்டு மாதிரியான நீர்த்தேக்கங்களில் அனுமதி கேட்டுக் கெண்டைக்குப் போகலாம். மலையில் இருக்கும் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட ஜெர்மன் இனம்.

அணைக்கும் மின்நிலையத்துக்கும் கீழே உள்ள ஓடைகளில் ஒரு ஆபத்து தனி. குந்தா, பைக்காரா திட்டங்களில் மின்தேவையைப் பொறுத்துத் தண்ணீரைத் திறப்பார்கள். வானம் வெளுத்திருக்கும்போதே ஓடை ஏறும். கரையோரக் கல் ஒன்றில் ஈரக்கோட்டைக் குறித்து வைத்துக்கொண்டு அவ்வப்போது பாருங்கள். கல் மூழ்கத் தொடங்கினாலோ, தெளிந்த தண்ணீரில் சருகும் குப்பையும் திடீரென்று வந்தாலோ, சாமானை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். கம்பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் அன்றைய நாள் முடிந்தது; மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி காரில் இருக்கட்டும்.

சட்டியில்

உரிமம் அனுமதித்து, அளவும் சரியாக இருந்து, சாப்பிட எடுத்துக்கொள்வதென்றால் துடிக்க விடாமல் கண்ணுக்குப் பின்னால் தடியால் ஒரே அடி. செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, மலவாயிலிலிருந்து தொண்டை வரை கீறிக் குடலை எடுங்கள். முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு இருக்கும், அதைக் கட்டைவிரல் நகத்தால் வழித்து எடுத்தால்தான் கசப்புப் போகும். செதில் பொடி, சீவத் தேவையில்லை. குடலை ஓடையில் எறியாதீர்கள், கூடாரத்துக்குப் பக்கத்தில் புதைக்கவும் புதைக்காதீர்கள், காட்டுப்பன்றி ராத்திரியே தோண்டும். மூடி போட்ட டப்பாவில் கட்டிக் காரில் வைத்துக் கீழே கொண்டுபோங்கள்.

கால் கிலோ மீனுக்கு உப்பு முக்கால் ஸ்பூன், மிளகுப்பொடி ஒரு ஸ்பூன், மஞ்சள்தூள் சிட்டிகை, அரை மூடி எலுமிச்சை. இருபது நிமிடம் ஊறினால் போதும், அதிகம் ஊறினால் எலுமிச்சைப் புளிப்பில் சதை உதிரும். மிளகாய்த்தூளும் மசாலாவும் இந்த மீனின் ருசியை அமுக்கிவிடும் என்பது என் கட்சி. தோலைத் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் எடுத்து, இரும்புக் கல்லில் எண்ணெய் புகைய ஆரம்பிக்கும்போது போடுங்கள். பக்கத்துக்கு நாலு நிமிடம், நடுவில் புரட்டக் கூடாது. ஒட்டிக்கொண்டால் ஒன்று கல் காயவில்லை, இல்லை மீனில் ஈரம் இருந்தது; இன்னும் அரை நிமிடம் விட்டால் தானே விட்டுக்கொடுக்கும்.

கிளம்பும் நாளில் கூடாரத்தை ஈரத்தோடுதான் சுருட்ட வேண்டியிருக்கும். வீடு சேர்ந்த அன்றே மொட்டைமாடியில் விரித்துவிடுங்கள், இரண்டு நாள் பைக்குள் கிடந்தால் பூஞ்சை பிடித்துத் துணியின் உள்பூச்சு உரியும். கம்பூட்ஸையும் வலையையும் கழுவி முழுக்கக் காயவைத்த பிறகுதான் அடுத்த ஓடைக்கு எடுத்துப்போக வேண்டும், ஒரு நீரின் பாசியும் நோயும் இன்னொன்றுக்குப் போவது இந்த ஈரத்தில்தான். ரீலில் எண்ணெய் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம்; குளிரில் கெட்டியாகிச் சுற்றாது.